ராஜமணி சார் வண்டி விற்ற கதை

கைமனத்தில் ராஜமணி சாரின் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு வீட்டு எண் தேவைப்பட்டதே இல்லை. "ஒரு வெள்ளை வண்டி நிக்கும், பக்கத்துல ஒருத்தர் துணியும் கையுமா நிப்பார், அதுதான்" என்று முக்குக்கடையில் சொல்லிவிடுவார்கள். பதின்மூன்று வருடமாக அந்த அடையாளம் ஒருநாளும் தவறியதில்லை.

அவர் ஒரு மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து ஓய்வுபெற்றவர். பூர்வீகம் பாறசாலைக்குத் தெற்கே. வடக்கே கொல்லம், கிழக்கே ஆரியங்காவு, தெற்கே நாகர்கோவில் என்று அவருக்கு எல்லை வகுத்துக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் அடங்கிய அத்தனை டாக்டர்களின் வாசலிலும் டை கட்டிக்கொண்டு, தோல் பையைச் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் நின்றிருக்கிறார். உட்காரச் சொன்ன டாக்டர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். நின்று நின்று பட்ட சிறுமையையெல்லாம் அவர் வண்டிக்குள் ஏறித் தீர்த்துக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டால் அங்கே அவர்தான் டாக்டர். இன்ஜினின் மூச்சில் சிறு இரைப்பு கேட்டால் போதும், ஓரம் கட்டி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கவனிப்பார். பத்தாயிரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று வண்டியைச் செய்தவர்களே புத்தகத்தில் எழுதியிருந்தார்கள். இவர் ஐயாயிரத்துக்கு ஒருமுறை மாற்றினார். "அவனுக்கு விக்கத்தான் தெரியும்" என்பார்.

ஒவ்வொரு பில்லும் ஒரு நீல ஃபைலில் தேதிவாரியாக இருந்தது. பில்லின் மூலையில் அன்றைக்கு மீட்டர் எவ்வளவு காட்டியது என்று சிவப்பு மையில் குறித்திருப்பார். மனைவி ரத்னாபாயின் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டுகள் ஃப்ரிட்ஜின் மேலே வெங்காயக் கூடைக்கு அடியில் எங்கோ கிடந்தன.

கிளட்ச் பிளேட்டை மூன்று தடவை மாற்றிய மனிதர், அதை மிதித்த தம் இடது முழங்காலை ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை. ஓய்வுபெற்ற இரண்டாம் மாதம் அது படி ஏற மறுத்தது. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த எலும்பு டாக்டர், இருபது வருடம் இவரை வாசலில் நிறுத்தி வைத்தவர்தான், இந்தத் தடவை உட்காரச் சொன்னார். பிறகு, "கிளட்ச் உள்ள வண்டி இனி தொடக்கூடாது" என்றார்.

அப்படித்தான் வண்டி விற்பனைக்கு வந்தது.

விளம்பரத்தை ராஜமணி சாரே எழுதினார். ஒன்றரைப் பக்கம் வந்தது. பழைய வண்டி விற்கும் இணையதளம் அதில் முதல் நான்கு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பிவிட்டது. அந்த நான்கில் முதல் வரி: "ஓடிய தூரம் 3,62,418 கிலோமீட்டர்." பட்டம் வாங்கியவர்கள் பெயருக்குப் பின்னால் எழுத்துகளைப் போட்டுக்கொள்வதுபோல அதைப் போட்டிருந்தார்.

முதல் போன் காலை ஏழு மணிக்கே வந்தது.

"சேட்டா, கிலோமீட்டர்ல ஒரு நம்பர் கூடிப் போச்சு கேட்டோ. திருத்திப் போடணும்."

"ஒண்ணும் கூடல. கரெக்டாக்கும்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. இரண்டாவதாகப் பேசியவன் படித்தவன். "சாரே, சந்திரனுக்கு இன்னும் இருபதாயிரம்தான் பாக்கி. போயிட்டு வந்து வித்தா நல்ல வெல கிட்டும்" என்று சொல்லிச் சிரித்தான். அவனை ராஜமணி சார் தமிழிலும் மலையாளத்திலுமாகத் திட்டி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போனது.

நேரில் வந்தவர்கள் பாடு அதைவிடக் கஷ்டம். வண்டி பார்க்க வந்தவர்களை அவர் முதலில் நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். என்ன வேலை? வீட்டில் வண்டி நிறுத்தக் கூரை உண்டா? வண்டிக்குள் உட்கார்ந்து தின்பீர்களா? பிள்ளைகள் சீட்டின் மேல் ஏறிக் குதிக்குமா? பெண் பார்க்கப் போனவனை மாமனார் இவ்வளவு கேட்கமாட்டார். ஒரு பேங்க் ஆபீசர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் அவர் சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் எட்டிப் பார்த்தது. அதோடு அந்தச் சம்பந்தம் முறிந்தது.

சாலைக் கடைவீதியில் நேந்திரங்காய் மொத்த வியாபாரம் செய்யும் ஸ்ரீகுமார் என்ற ஒருவர் மட்டும் மீட்டரைப் பற்றிக் கேட்கவே இல்லை. வண்டியை ஒரு சுற்று ஓட்டினார். இறங்கினார். பேரம் பேசாமல் ஒன்றே முக்கால் லட்சம் தருவதாகச் சொன்னார். ராஜமணி சார் மனதில் வைத்திருந்ததும் அதுதான். ரத்னாபாய் உள்ளே போய் நல்ல கண்ணாடி டம்ளர்களை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். அப்போது ஸ்ரீகுமார் பின் கதவைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மனக்கண்ணால் அளந்து, "பின்சீட்டை மடக்கிப் போட்டா எட்டு குலை சுகமா கொள்ளும்" என்றார்.

ராஜமணி சார் எழுந்துவிட்டார். "என்ன குலை?"

"வாழைக்குலை, சாரே."

"இது வாழைக்குலை ஏத்துக வண்டியில்ல."

"அப்பொ சாமி ஏறுக தேராணோ?" என்று கேட்டுவிட்டு ஸ்ரீகுமார் தம் ஸ்கூட்டரைக் கிளப்பினார். ரத்னாபாய் கழுவிய டம்ளர்களைத் திரும்பக் கவிழ்த்து வைத்தாள்.

நாலு மாதம் போயிற்று. மழை வந்து போனது. போன்களும் நின்றன. தினமும் காலையில் ராஜமணி சார் வண்டியைத் துடைத்து, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, அணைத்துவிட்டு உள்ளே வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீகண்டன் வந்து சேர்ந்தான். கரமனைச் சந்திப்பில் ஒரு டீக்கடை பெஞ்சே அவனுக்கு ஆபீஸ். பழைய வண்டி வாங்கி விற்கும் தரகன். வண்டியைச் சுற்றி வந்து, பானட்டைத் திறந்து, உண்மையாகவே அசந்துபோய் நின்றான்.

"சாரே, வண்டியில ஒரு குறையும் இல்ல. குறை நம்பர்லயாக்கும்."

"நம்பரா? ஃபேன்சி நம்பரா வேணும்?"

"அந்த நம்பரில்ல. மீட்டர் நம்பர். ஒரு ஆளு உண்டு, லேப்டாப் கொண்டு வருவான். பத்து நிமிஷம். அறுபதாயிரமோ எழுபதாயிரமோ, சார் சொல்லுகதுபோல வச்சுத் தருவான்."

ராஜமணி சாரின் காது சிவந்தது. "எறங்குடா வெளிய! நான் சர்ச்சு சபைக் கமிட்டியில உள்ளவனாக்கும்!"

"நம்ம கஸ்டமர்ல பாதிப் பேரும் கமிட்டிக்காரங்கதானே, சாரே" என்று ஸ்ரீகண்டன் மரியாதையாகச் சொல்லி, தன் போன் நம்பர் எழுதிய சீட்டை வைப்பருக்கு அடியில் செருகிவிட்டுப் போனான்.

அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ராஜமணி சார் அதை நாலாக மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார். கிழித்தால் குப்பையாகும் என்று தமக்குத்தாமே காரணம் சொல்லிக்கொண்டார். மூன்று வாரம் யோசித்தார். யோசிக்க யோசிக்க விஷயம் தெளிவாகிக்கொண்டே வந்தது. இந்த வண்டி எந்த நிலையில் இருக்கிறது? எழுபதாயிரம் ஓடிய வண்டியின் நிலையில் இருக்கிறது. மீட்டர் என்ன சொல்கிறது? மூன்றரை லட்சம் என்கிறது. அப்படியானால் வண்டியைப் பற்றித் தப்பான செய்தியைப் பரப்புவது யார்? மீட்டர்தான். அதைத் திருத்துவது பொய்யாகாது. பொய் சொல்லுகிற ஒன்றை உண்மை சொல்ல வைப்பதாகும். முப்பது வருடம் டாக்டர்களிடம் மருந்து விற்றவருக்கு இந்த அளவு வாதம் சுலபமாகவே வந்தது.

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு லேப்டாப்காரன் வந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகினான். "எத்தற வேணும்?" என்று தோசை கேட்கிறவனைப்போலக் கேட்டான். ஐம்பத்தைந்து போதும் என்றான் ஸ்ரீகண்டன். எண்பதுக்குக் குறையக்கூடாது என்றார் ராஜமணி சார். அவருக்கும் மனசாட்சி என்று ஒன்று உண்டல்லவா? கடைசியில் எழுபத்துநாலாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவர்கள் போன பிறகு ரத்னாபாய் வாசலுக்கு வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து மீட்டரைப் பார்த்தாள்.

"நம்ம மோளுக்க கல்யாணத்துக்கு பத்திரிகை வைக்க அலைஞ்சது இப்ப இதுல உண்டுமா, போச்சா?" என்று கேட்டாள்.

"உனக்கு எல்லாம் வெளையாட்டு" என்றார் அவர். அவள் ஒன்றும் விளையாடவில்லை.

புதிய விளம்பரம் போட்ட அன்றே பதினான்கு பேர் கூப்பிட்டார்கள். இப்போது ராஜமணி சாருக்கு எதிர்பாராத ஒரு தொல்லை முளைத்தது. அவரால் பேச முடியவில்லை.

கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். "இன்ஜின் நல்ல சக்தியா இருக்குமோ?" என்று சாதாரணமாகக் கேட்டார். "சக்தியா? ஒருக்கா ஆரியங்காவுல, கொட்டுற மழை, ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் ஓடின சமயம்…" என்று ஆரம்பித்த ராஜமணி சார் பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டார். எழுபத்துநாலாயிரம் ஓடிய வண்டி ஆரியங்காவு மழையை எங்கே கண்டது? தென்மலை ஏற்றம், குளச்சலில் வெள்ளம் சீட்டுவரை வந்தபோதும் நிற்காமல் வந்தது, ஒரே நாளில் நாற்பத்தொரு டாக்டர்களைப் பார்த்தது, எல்லாவற்றையும் லேப்டாப்காரன் கொண்டு போய்விட்டான்.

"பின்ன சார் இத எங்கதான் ஓட்டினீங்க?" என்று பேராசிரியரின் மனைவி கேட்டாள்.

"சர்ச்சுக்கு" என்றார் ராஜமணி சார்.

"பதிமூணு வருஷமும்?"

"பின்ன, மார்க்கெட்டுக்கும்."

வாழ்நாளெல்லாம் தெற்குக் கேரளத்தை உழுத மனிதர், தம் வாயாலேயே கைமனம் தாண்டாத கிணற்றுத் தவளையாகிப் போனார். அந்தத் தம்பதி வண்டியை மெச்சிக்கொண்டே போனார்கள். துபாயில் இருந்த மகன் புது வண்டி வாங்கச் சொல்லிவிட்டதாக மறுநாள் செய்தி வந்தது. மற்றவர்களும் வந்தார்கள், எழுபத்துநாலாயிரத்தைக் கண்டு மலர்ந்தார்கள், மலர்ந்த முகத்தோடேயே விலையைப் பாதியாகக் கேட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஷீனா வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஸ்கூட்டரை நிறுத்தி, துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமலே தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து, மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். ராஜமணி சாருக்கு ரோமம் சிலிர்த்தது. இதுவரை வந்தவர்களில் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்த முதல் ஆள் இவள்தான். எழுந்தவள் இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் குச்சியை உருவித் துடைத்து, விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள். பிறகு மீட்டரைப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"எழுபத்தி நாலாயிரமா?"

"அவ்வளவுதான் ஓடிச்சு" என்று ராஜமணி சார் குழைந்தார்.

"அப்பொ இது வேண்டாம் சாரே."

"ஏன்? கம்மிதானே?"

"கம்மியாச்சே, அதான். பதிமூணு வருஷத்துல இத்தற மட்டும் ஓடின டீசல் வண்டி ஷெட்டுல கிடந்த வண்டியாக்கும். பாக்க பளபளன்னு இருக்கும். டெய்லி ஓட்டத் தொடங்கினா ஒவ்வொண்ணா கழண்டு வரும். எனக்கு ஓடி வந்த வண்டி வேணும். இதுக்கு முன்னால நான் வாங்கினது ரெண்டே முக்கால் லட்சம் ஓடினது. அஞ்சு வருஷம் ஒரு சத்தம் போடல." கைகளைத் தட்டிவிட்டு அவள் ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள்.

ஆறு மாதமாக ராஜமணி சார் தேடிய ஆள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் பொய்யன். சொல்லாவிட்டால் ஷெட்டில் கிடந்த வண்டிக்காரன். இரண்டில் எது பெரிய அவமானம் என்று அவரால் உடனே முடிவுசெய்ய முடியவில்லை.

முடிவு உள்ளேயிருந்து வந்தது. ரத்னாபாய் ஒரு கையில் காப்பியும் மறு கையில் நீல ஃபைலுமாக வெளியே வந்து, காப்பியை ஷீனாவிடம் கொடுத்துவிட்டு, ஃபைலைப் பானட்டின் மேல் வைத்தாள்.

"கெடந்த வண்டியொண்ணும் இல்ல. பில்லு முழுசும் இதுல உண்டு. பாரு மக்களே" என்றாள்.

"ரத்னா!" என்றார் ராஜமணி சார். அந்தக் குரலில் முப்பத்திரண்டு வருட இல்வாழ்க்கையின் முழுப் பதற்றமும் இருந்தது.

ஷீனா காப்பியை உறிஞ்சிக்கொண்டே பக்கங்களைப் புரட்டினாள். ஆயில், ஃபில்டர், பெல்ட், கிளட்ச். மூலையில் சிவப்பு எழுத்துகள். நாலைந்து பக்கம் முன்னே போனாள், பின்னே வந்தாள்.

"சாரே, ரெண்டாயிரத்துப் பதினாறுல ஒரு லட்சத்து நாப்பதாயிரம். ரெண்டாயிரத்து இருபதுல ரெண்டு அறுபத்தி ஏழு. இப்ப எழுபத்தி நாலு." நிமிர்ந்து பார்த்தாள். "கொரோனாவுக்குப் பிறகு முழுசும் ரிவர்ஸ்லயா ஓட்டினீங்க?"

ரத்னாபாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து மதிலைப் பார்த்தாள்.

ராஜமணி சார் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்ரீகண்டன் தம்மை ஏமாற்றிவிட்டதாகத்தான் முதலில் ஆரம்பித்தார். ஷீனா கேட்டுக்கொண்டே இருக்கவும் கதை தானாகத் திருந்தி, கடைசியில் எண்பது வேண்டும் என்று தாம் பேரம் பேசியதுவரை வந்து நின்றது. அதைச் சொல்லி முடித்தபோது அவர் நாக்கு அவிழ்ந்துவிட்டிருந்தது. ஆரியங்காவு, தென்மலை, குளச்சல் என்று அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். ஷீனா அதையும் கேட்டாள். அவளுக்கு வண்டி பிடித்துவிட்டது, ஆளைப் பற்றி என்ன நினைத்தாள் என்று சொல்லவில்லை.

"ஒண்ணு பத்து தருவேன்" என்றாள்.

"வாழைக்குலைக்காரரே ஒண்ணே முக்கால் சொன்னாரு!"

"அவரு பாத்தது நேரான மீட்டர். மீட்டரைத் திருப்பி பழையபடி ஆக்க நான் வேற அலையணும். வேண்டாம்னா சொல்லுங்க, வேற ஆளுக்கு ஷெட்டுல கெடந்ததுன்னு சொல்லி வித்துக்கலாம்."

ராஜமணி சார் சம்மதித்தார். பழக்கதோஷத்தில் கடைசியாக ஒன்று கேட்டார். "வீட்டுல யாரு ஓட்டுவாங்க?"

"வீட்டுலயா? நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகேன், சாரே. பாப்பனங்கோட்டுல. ஒரு பேட்ச்சுக்கு பதினெட்டுப் பேரு ஓட்டுவாங்க."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் ராஜமணி சார் கேட்டைத் திறந்து காட்டியிருப்பார். ஆனால் பானட்டின் மேல் ஃபைல் திறந்து கிடந்தது. காட்டுவதற்கு அவரிடம் கேட் மட்டும்தான் இருந்தது, முகம் இல்லை. ஷீனா நீட்டிய வெள்ளைத்தாளில், இந்த வண்டி உண்மையில் ஓடிய தூரம் இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மீட்டரைப் பழைய எண்ணுக்கே திருப்பிவைக்க அதே லேப்டாப்காரன்தான் வந்தான். போவதற்கு வாங்கியதையே வருவதற்கும் வாங்கிக்கொண்டான்.

பத்தே நாளில் வண்டியின் தலையில் மஞ்சள் பலகையும் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்'லும் ஏறின. பாப்பனங்கோட்டிலிருந்து கைமனத்துக்கு நல்ல அகலமான சாலை. கற்றுக்கொள்கிறவர்களை அங்கேதான் கூட்டி வருவார்கள். காலை ஆறரைக்குக் கியர் முதல் தடவை கதறும். ராஜமணி சார் கட்டிலில் புரண்டு படுப்பார். ஏழு மணிக்கு இரண்டாவது. ஒருநாள் தாங்கமாட்டாமல் லுங்கியோடு கேட்டுக்கு ஓடி, "முழுசா மிதி! கிளட்ச்ச முழுசா மிதி!" என்று கத்தினார். பயந்துபோன பெண்ணொருத்தி வண்டியை அவர் வீட்டு மதிலுக்கு அரையடி தள்ளி நிறுத்தினாள். ஜன்னல் வழியே ஷீனா தலையை நீட்டி, "சாரே, ஃபீஸ் வாங்குகது நானாக்கும்" என்றாள்.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை வண்டி கேட்டுக்கு முன்னாலேயே வந்து நின்றது. ரத்னாபாய் காலில் செருப்புக்குப் பதிலாக ஷூ போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்க போற?" என்றார் ராஜமணி சார்.

"கிளாசுக்கு."

இருபத்தாறு வருடம் அவள் கிழக்கேகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தாள். இருபத்தாறு வருடமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாள். வண்டி வந்த பிறகும் அப்படித்தான். காரணம், முன்சீட்டில் மருந்துச் சாம்பிள் பெட்டி இருந்தது, பின்சீட்டில் மடிப்புக் கலையாத விரிப்பு இருந்தது. இதை அவள் அன்றைக்கும் சொல்லவில்லை. முன்கதவைத் திறந்து, ஓட்டுநர் சீட்டில் ஏறி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்தாள்.

முதல் டெஸ்டில் கம்பங்களுக்கு நடுவே 'எச்' வடிவில் ஓட்டிக் காட்டும்போது ஒரு கம்பத்தைத் தட்டித் தோற்றாள். இரண்டாவதில் ஜெயித்தாள். வண்டி விற்ற பணத்தோடு தன் ஓய்வுக்காலத் தொகையில் கொஞ்சம் சேர்த்து, ஷீனாவைக் கூட்டிக்கொண்டு போய், கிளட்ச் இல்லாத சின்ன வண்டியாகப் பழையதொன்று பார்த்து வாங்கினாள். நீலநிறம். எவ்வளவு ஓடியது என்று ராஜமணி சார் கேட்டார். "ஓட்டிப் பாத்தேன், நல்லா இருந்துது" என்று மட்டும் சொன்னாள். கிளட்ச் இல்லாததால் அவரும் அதை ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். சாவி ரத்னாபாயின் கைப்பைக்குள் இருக்கிறது. இதுவரை அவள் எடுத்து நீட்டியதில்லை, அவருக்கும் கேட்க வாய் வரவில்லை.

ஞாயிறு காலை சர்ச்சுக்கு இருவரும் அதில்தான் போகிறார்கள். முதல் வாரம் கேட்டைத் தாண்டுவதற்குள் ராஜமணி சார் பதினொரு திருத்தம் சொன்னார். கரமனைப் பாலத்துக்கு முன்னால் ரத்னாபாய் நிதானமாக வண்டியை ஓரங்கட்டி, பஸ் ஸ்டாப்பைக் கையால் காட்டினாள்.

"பேசணும்னா அதுல ஏறி வாங்க. கண்டக்டர் கேட்டுக்கிடுவாரு."

ராஜமணி சார் சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்தார். பாலத்தின் மேல் அவள் மூன்றாவது தடவையாகத் தேவையில்லாமல் ஹார்ன் அடித்தாள்.